வீராயியின் தகர வில்லை

எஹலியகொட கடைவீதியில் தங்கம்மா தைத்த மெத்தை என்றால் தனி மதிப்பு. இலவம்பஞ்சை வெயிலில் உலர்த்தி, ஒரு கொட்டைகூடத் தங்காமல் பிரித்தெடுத்து, மூலையில் பஞ்சு ஒதுங்காதபடி இழுத்துத் தைப்பாள். ஸம்சுதீன் நானாவின் பாக்குக் கடைக்குப் பின்னால் இருந்த நீளமான அறையில்தான் அவளுடைய வேலை. கடைக்கு வருகிறவர்கள் அவளை நானாவின் வீட்டு ஆள் என்றே அறிவார்கள். எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை என்று கேட்டால், கொழும்புப் பக்கம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொள்வாள்.

1934ஆம் ஆண்டு புரட்டாசியில் இரத்தினபுரியிலிருந்து ஒரு வேலை வந்தது. அங்கே குடியிருந்த ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் தன் வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளை நூதனசாலையாக்கிக்கொண்டிருந்தார். ராஜா காலத்து வாளும் கிரீடமும் அல்ல அவர் சேர்த்தது. மாணிக்கக் குழியில் சேறு அள்ளும் கூடை, ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டை, தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் அரிசி அளந்த படி, கித்துள் மரம் சீவும் கத்தி என்று ஜனங்கள் அன்றாடம் புழங்கிய சாமான்கள். அவற்றைக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வைப்பதற்குக் கறுப்புத் துணியில் பதினெட்டுச் சிறு மெத்தைகள் வேண்டுமாம். பெட்டிக்குப் பெட்டி அளவு மாறுவதால் தைத்தவளே நேரில் வந்து பொருத்திக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியனுப்பியிருந்தார்.

தைப்பதற்குச் சம்மதித்தவள் போவதற்கு மாட்டேன் என்றாள். முதுகு வலி என்றாள். மழை வரும் என்றாள். நானா தன் மனைவி ஸுலைஹாவைப் பார்த்தார். இருவருக்கும் காரணம் தெரியும். இருபத்தொரு வருஷமாக அவள் இரத்தினபுரி போகும் வழியில் உள்ள குருவிட்டையைத் தாண்டிக் கிழக்கே காலெடுத்து வைத்ததில்லை.

அவள் பெயர் தங்கம்மா அல்ல, வீராயி. கஹவத்தைக்கு மேலே மலைச்சரிவில் இருந்த வட்டப்பாறைத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவள். தூத்துக்குடியில் கப்பலேறும்போது புருஷன் இராமசாமி கூட இருந்தான். நான்காம் வருஷம் அவன் வயிற்றோட்டத்தில் போய்விட்டான். மூன்று வயசுப் பெண் பொன்னியும் அவளும் மட்டும் மிஞ்சினார்கள். 1913 ஆனி மாதம் பொன்னிக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து மருந்துக்கு அடங்கவில்லை. ஐந்தாம் நாள் பிள்ளைக்குக் கண் செருகியது. இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டபோது, துரை கொழும்பில் இருக்கிறார், வரட்டும் என்றான் பெரிய கங்காணி. துரை வர நாலு நாள் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்போதெல்லாம் துண்டு என்கிற விடுவிப்புச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் வாரண்டு பிறக்கும், பிடிபட்டால் மறியல், சிறைதான். அது தெரிந்தும், பட்டப்பகலில், எல்லோரும் பால் வாளியோடு, பால் அளக்கும் ஸ்டோருக்கு இறங்கிய நேரத்தில் அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் இறங்கினாள். போகுமுன் லயத்தில் அடுத்த அறையான காம்பராவில் இருந்த கருப்பாயியிடம் மட்டும் சொன்னாள். இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். கப்பலேறியபோது கழுத்தில் மாட்டிவிட்ட, எண் குத்திய தகர வில்லையை வீராயி அதுவரை கழற்றியதே இல்லை. அந்தத் தோட்டத்தில் அதை யாரும் திருப்பிக் கேட்கவுமில்லை. அதைக் கண்டால் வழியில் யாராவது பிடித்துவிடுவார்கள் என்று கழற்றிக் கருப்பாயியின் கையில் திணித்துவிட்டு நடந்தாள்.

பொன்னி பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். அடுத்த கட்டிலில் கரு கலைந்து கிடந்தவள்தான் ஸுலைஹா. பதினோராம் நாள் வாசலில் பெரிய கங்காணியின் தலைப்பாகையைக் கண்டு வீராயி கட்டிலுக்குக் கீழே பிள்ளையோடு ஒளிந்தபோது, ஸுலைஹா தன் போர்வையை இழுத்துத் தரைவரைக்கும் தொங்கவிட்டாள். அன்றைக்கே ஸம்சுதீன் நானாவின் பாக்கு வண்டியில் தாயும் பிள்ளையும் எஹலியகொட வந்து சேர்ந்தார்கள். ஒரு மாதம் கழித்துக் கஹவத்தையிலிருந்து வந்த வண்டிக்காரன் ஒருவன், வட்டப்பாறையில் ஒரு பொம்பளையைப் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போனதாம் என்று கடையில் சொல்லிக்கொண்டிருந்தான். ஓடிப்போனவளுக்கு உதவி செய்தவளாம். வேறு யாராக இருக்கும்? அன்றிலிருந்து வீராயி வாய்விட்டுச் சிரித்ததை ஸுலைஹா பார்த்ததில்லை.

பின்னாளில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு காதில் விழத்தான் செய்தது. ஆனால் அது இனி ஓடுகிறவர்களுக்கு, பழைய வாரண்டு பழைய வாரண்டுதான் என்று யாரோ சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். பொன்னி வளர்ந்து, அவிசாவளையில் ரயில்பாதையில் வேலை செய்கிறவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குக்கூடத் தாயின் உண்மைப் பெயர் தெரியாது.

"நான் கூட வாறன். ஒண்டுக்கும் பயப்படாத, ரெண்டு மணித்தியால வேல" என்றாள் ஸுலைஹா. அந்த வீட்டில் ஸுலைஹா முடிவெடுத்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

சின்ன ரயிலில் மூட்டையோடு இருவரும் ஏறினார்கள். குருவிட்டை தாண்டியதும் வீராயி முந்தானையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். இரத்தினபுரியில் இறங்கி டாக்டர் வீடு போய்ச் சேரும்வரை நிலத்தைப் பார்த்தே நடந்தாள்.

நூதனசாலையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் காமில் மாஸ்டர். முன்பு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், தடித்த கண்ணாடி, விரலெல்லாம் மை. டாக்டருக்காகத் தோட்டம் தோட்டமாக நடந்து சாமான் சேர்த்தவரும், தமிழிலும் சிங்களத்திலும் சீட்டு எழுதி வைத்தவரும் அவர்தான். மெத்தைகளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நேர்த்தியாக இருக்கும் என்று நினைக்கவில்லை என்றார். வீராயிக்கு மனசு கொஞ்சம் இளகியது. முழங்காலில் அமர்ந்து ஒவ்வொரு பெட்டியாக மெத்தையைப் பொருத்தி, மாஸ்டர் எடுத்துக் கொடுத்த சாமானை அதன்மேல் வைத்துக்கொண்டே போனாள். சிரட்டை, வெட்டுக் கத்தி, தேய்ந்துபோன ஒரு வெற்றிலை உரல். எல்லாம் கை பழகிய சாமான்கள். கண்ணாடிக்குள் போனதும் வேறு யாருடையதோ போலத் தெரிந்தன.

பதினொன்றாவதோ பன்னிரண்டாவதோ பெட்டி. மாஸ்டர் ஒரு தீப்பெட்டியைத் திறந்து அதிலிருந்ததை அவள் உள்ளங்கையில் கவிழ்த்தார். வட்டமான தகர வில்லை, ஒரு ரூபாய் அளவு. விளிம்பில் ஒரு துளை கிழிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஆணியால் அடித்த இன்னொரு துளை.

அந்த ஆணியை அடித்தது இராமசாமி. கப்பலிலிருந்து இறங்கிய மறுநாள் கயிறு அறுத்துக்கொண்டு துளை கிழிந்துபோக, வில்லை தொலைந்தால் வம்பு என்று கல்லின்மேல் வைத்து அடித்துக் கொடுத்தான். வீராயிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு துளைகளை ஆயிரத்திலும் அடையாளம் சொல்வாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு மாஸ்டர்?" என்று சீட்டைக் காட்டிக் கேட்டாள். மாஸ்டர் எப்போதும்போலப் பாடம் படிக்கிற குரலில் வாசித்தார்.

"வட்டப்பாறைத் தோட்டத்துத் தொழிலாளி வீராயி என்பவரின் தகர வில்லை. இவர் 1913ஆம் ஆண்டு ஆனி மாதம், குழந்தையுடன் வே கங்கையில் மூழ்கி இறந்தார். தந்தவர், அதே தோட்டத்துக் கருப்பாயி."

வீராயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மயக்கம் என்று நினைத்து மாஸ்டர் தண்ணீருக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அவள் வில்லையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கருப்பாயி எப்போது இதைத் தந்தாள், எங்கே வைத்துத் தந்தாள் என்று விடாமல் கேட்டாள். போன மாதம்தான் என்றார் அவர். தோட்டத்துக்குப் போயிருந்தேன், லயத்தில் உட்கார்த்தி வெற்றிலை தந்தாள், நல்ல சுகமாக இருக்கிறாள், மூன்று பேரப்பிள்ளைகள் என்றார்.

"மறியல்ல இருந்தாளா?"

"ஆர், அந்தப் பொம்பளையா? அவ தோட்டத்த விட்டு எங்கயும் போகல்லயே."

கதவருகே நின்ற ஸுலைஹாதான் முன்னால் வந்தாள்.

"மாஸ்டர், நீங்க மையத்தாப் போனவண்டு எழுதி வெச்சிருக்கிற வீராயி இவதான். பிள்ளையும் உசிரோட ஈக்குது. அவிசாவளையில கலியாணம் கட்டிக் குடுத்து, அதுக்கும் ஒரு பிள்ள."

காமில் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு நிதானமாக உட்கார்ந்து நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். வாரண்டு பற்றி அவள் கேட்டபோதுதான் அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. அந்தச் சட்டம் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம், பழசு புதுசு என்று ஒன்றும் கிடையாது, துண்டும் கிடையாது என்று விளக்கினார். "அது மட்டுமில்ல. நீங்க செத்துப்போனதாத் தோட்டத்துல பதிஞ்சிருக்கு. செத்த ஆளுக்கு ஆர் வாரண்டு எடுப்பாங்க? ஒங்கள ஒருத்தரும் தேடியிருக்க மாட்டாங்க, தங்கச்சி. ஒரு நாளும்."

சீட்டை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வில்லை பெட்டிக்குள் சும்மா இருக்கட்டும், போய்க் கருப்பாயியைப் பார்த்துவிட்டு வந்து என்ன எழுதுவதென்று சொல்லுங்கள் என்றார். மிச்ச மெத்தைகளை வீராயி எப்படிப் பொருத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

கஹவத்தைக்கு ரயில் அதே நாள் மத்தியானம் இருந்தது. வீராயி போவோம் என்றாள். நானாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டு ஸுலைஹாவும் ஏறினாள். இறங்கி, மலைப்பாதையில் நடக்கத் தொடங்கியபோது ஸுலைஹாவுக்குத்தான் மூச்சு வாங்கியது. வீராயியின் கால்களுக்கு ஒவ்வொரு திருப்பமும் நினைவிருந்தது. ரப்பர் மரங்கள் மட்டும் அவள் விட்டுப்போனதை விட இரட்டிப்பாகப் பருத்திருந்தன.

லயத்தின் முன்னால் ஒருத்தி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை முக்கால்வாசி நரை. நிமிர்ந்து, வந்தவர்கள் இருவரையும் பார்த்தாள். முறம் கையிலிருந்து நழுவியது. அரிசி சிதறியதை அவள் கவனிக்கவில்லை. எழுந்து வந்து வீராயியின் முகத்தைக் கன்னத்திலிருந்து நெற்றிவரை தடவிப் பார்த்துவிட்டு, முதல் வார்த்தையாகக் கேட்டாள்.

"புள்ள?"

"இருக்கா. நல்லா இருக்கா."

கருப்பாயி அங்கேயே குந்தி உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். இருபத்தொரு வருஷமாகக் கட்டி வைத்திருந்த மூச்சு ஒன்று அவளிடமிருந்து வெளியே வந்தது. வீராயியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோழிகள் வந்து அரிசியைப் பொறுக்கத் தொடங்கிய பிறகுதான் கருப்பாயி அவற்றை விரட்டிவிட்டுக் கதையை ஆரம்பித்தாள்.

வீராயி போன மூன்றாம் நாள், பெல்மதுளைக்கும் இரத்தினபுரிக்கும் ஆள் அனுப்பப்போகிறார்கள் என்று தெரியவந்தது. பிள்ளையை எங்கே கொண்டுபோயிருப்பாள் என்று கருப்பாயிக்குத் தெரியும். அதனால் வீராயி விட்டுப்போன கம்பளியையும் தகர வில்லையையும் எடுத்துக்கொண்டு போய் ஆற்றங்கரைப் பாறைமேல் வைத்தாள். திரும்பி வந்து, தானே முதலில் கண்டதாகச் சொன்னாள். மழைக்காலம், ஆறு கரைபுரண்டு ஓடியது. உடல் கிடைக்கவில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நானே போயி அழுதேன்டி."

"நெசமாவா அழுத?"

"பொய்யாத்தான் ஆரம்பிச்சேன். அப்புறம் நிறுத்த முடியல. நெசமாவே நீ அந்த ஆத்துல விழுந்திருந்தா என்னா பண்றதுன்னு தோணிருச்சு."

பொலிஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது உண்மைதானா என்று வீராயி மெல்லக் கேட்டாள். அதைக் கேட்பதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தாள் என்பது அவள் கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"ஏத்திக்கிட்டுப் போனாங்க. மறியலுக்கு இல்ல, நீ முங்கிச் செத்ததுக்கு நான் சாச்சி சொல்ல. சொல்லிட்டு அன்னிக்கே வந்துட்டேன். வர்ற வழியில தேத்தண்ணி வாங்கிக் குடுத்தாங்க." கருப்பாயி ஸுலைஹாவின் பக்கம் திரும்பினாள். "இவ கருமாதிக்குக்கூட நாந்தாங்க சோறாக்குனேன். பருப்பும் ரெண்டு கறியும். எல்லாரும் நல்லாத்தான் சாப்புட்டாங்க."

முதலில் சிரித்தது ஸுலைஹாதான். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு கருப்பாயி சிரித்தாள். வீராயி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று ஸுலைஹா முந்தானையை விலக்கிப் பார்த்தபோது, கண்ணில் தண்ணீரோடு அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பெரிய கங்காணியைக் கண்டு ஒளிந்த கதையை வீராயி சொன்னாள். அதற்கும் கருப்பாயியிடம் பதில் இருந்தது. கங்காணியின் மச்சான் பலாமரத்திலிருந்து விழுந்து காலொடிந்து அங்கேதான் கிடந்தானாம், அவனைப் பார்க்கப் போயிருப்பான். வீராயியைக் கங்காணி அதற்குள் மறந்தே போயிருந்தான்.

அதைக் கேட்டபோது மட்டும் வீராயியின் சிரிப்பு நின்றது. ஒருவரும் தேடாத ஒருத்தியாக இத்தனை வருஷம் தான் சுவரோரம் நடந்ததை நினைத்தாள். பொன்னியின் கல்யாணத்துக்குக் கருப்பாயியைக் கூப்பிட்டிருக்கலாம். இராமசாமியைப் புதைத்த இடத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை வந்து போயிருக்கலாம். அந்த வருத்தம் வந்தது, போகவும் செய்தது. எதிரே கருப்பாயி முழுசாக, எந்தச் சிறையையும் பார்க்காமல், வெற்றிலைக் கறைப் பல்லோடு உட்கார்ந்திருக்கும்போது அது நீண்ட நேரம் நிற்கவில்லை.

வில்லை கருப்பாயிக்குத் திரும்பக் கிடைத்ததற்கும் காரணம் இருந்தது. எண்ணைப் பதிந்துகொண்டு கணக்கப்பிள்ளை அதைக் குப்பையில் போட்டார், ஆபீஸ் கூட்டப் போன கருப்பாயி எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்புறம் ஏன் அத மாஸ்டர்ட்ட குடுத்த?"

"ஊருசனம் வந்து பாக்குற எடம்னாரு. ஒம்பேரச் சொல்லி எழுதி வெப்பேன்னாரு. நீ எங்கயாச்சும் இருந்தா யாராச்சும் படிச்சு, எப்பவாச்சும் ஒன் காதுல விழும்னு நெனச்சேன். நீ செத்துட்டன்னு ஒனக்குத் தெரிஞ்சாத்தான பயமில்லாம இருப்ப."

அன்றைக்கு அவர்களைத் திரும்பிப் போக விடவில்லை. செத்தவள் வந்திருக்கிறாள் என்று லயமே திரண்டது. பழைய ஆட்கள் நாலைந்து பேர்தான் மிச்சம். அவர்களில் ஒரு கிழவர், கருமாதிச் சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று இத்தனை வருஷம் கழித்துக் குறை சொன்னார். ஸுலைஹாவுக்கென்று புதுச் சட்டியில் தனியாகச் சோறு பொங்கினார்கள். காலையில் கருப்பாயி வீராயியை இராமசாமியைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே புல் வெட்டித் துப்புரவாக இருந்தது. யார் வெட்டியது என்று வீராயி கேட்கவில்லை.

திரும்பும் வழியில் இரத்தினபுரியில் இறங்கினார்கள். காமில் மாஸ்டர் பேனாவோடு காத்திருந்தார். கருப்பாயி பொய் சொன்னதை எழுதலாமா என்று தயங்கினார். எழுதச் சொல்லியிருக்கிறாள், அந்தத் துரை சீமைக்குப் போயே செத்தாச்சாம் என்றாள் வீராயி. மாஸ்டர் எழுதி முடித்து வாசித்துக் காட்டினார்.

"வட்டப்பாறைத் தோட்டத்தில் இருந்த வீராயியின் தகர வில்லை. நோயுற்ற மகளைக் காப்பாற்ற 1913இல் தோட்டத்தை விட்டுச் சென்றார். தோழி கருப்பாயி, அவர் ஆற்றில் மூழ்கியதாகச் சொல்லி அவரைக் காப்பாற்றினார். மூவரும் நலம்."

நலம் என்ற சொல் வேண்டுமா என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டாராம். இருக்கட்டும் மாத்தயா என்று மாஸ்டர் சொல்லிவிட்டாராம். வில்லையை எடுத்துக்கொள்கிறாயா என்று வீராயியிடமும் கேட்டார்கள். அவள் வேண்டாம் என்றாள். மெத்தையின் ஒரு மூலை சற்று மேடாக இருப்பதாகப் பட்டது அவளுக்கு. கண்ணாடியைத் திறக்கச் சொல்லி அதை அமுக்கிச் சரிசெய்துவிட்டு வந்தாள்.

எஹலியகொடவில் ஸுலைஹா மட்டும் இறங்கினாள். வீராயி அதே ரயிலில் அவிசாவளைக்குப் போனாள். நேரே மகளின் வீட்டுக்கு நடந்து, பொன்னி பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே உட்கார்ந்து, தன் பெயரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். கஞ்சி ஆறிப்போனது. பிள்ளை கிண்ணத்துக்குள் கையை விட்டு அளைந்தது. அதைப் பொன்னி தடுக்கவில்லை.

கதை முடிந்ததும் பொன்னி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கருப்பாயிப் பெரியம்மாவுக்கு என்ன கறி பிடிக்கும் என்று கேட்டாள்.

"தெரியலியே" என்றாள் வீராயி. "பொங்கலுக்கு லீவு கெடச்சா வர்றேன்னிருக்கா. வந்தா நீயே கேட்டுக்க."